தகப்பனைக் காக்கும் பிள்ளையைக் காப்பது யார்?

தகப்பனுக்கே உபதேசம் செய்த பிள்ளையின் ஊர் என்று சுவாமிமலைக்குப் பெயர். ஆனால் அந்த ஊரிலும் சுற்றியுள்ள காவிரிக்கரைக் கிராமங்களிலும் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகள் தகப்பனுக்குச் செய்யவேண்டியிருப்பது உபதேசம் அல்ல, வைத்தியம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் சாய்ந்த தகப்பனையும், பக்கவாதத்தில் கைகால் விழுந்த தாயையும் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டியிருக்கிறது. ஓடுகிறவன் மடியில் என்ன இருக்கிறது? இதுதான் கேள்வி.

பிள்ளையின் கடமையைச் சட்டம் நன்றாகவே எடுத்துச் சொல்கிறது. 2007-ஆம் வருஷத்துப் பெற்றோர் பராமரிப்புச் சட்டப்படி சோறு, துணி, இருப்பிடத்தோடு வைத்தியமும் பிள்ளைகளின் பொறுப்பு. தவறினால் மாதம் 10,000 ரூபாய் வரை கொடுக்கும்படி உத்தரவு போடலாம். நல்லது. ஏழை வீட்டில் இதைச் சட்டம் சொல்லித் தெரிந்துகொள்ளவேண்டியதில்லை. ஆனால் கடமையைச் செய்யப் போகிறவனுடைய கூலி அன்றைக்கே நின்றுபோகிறதே, அதற்கு எந்தச் சட்டம் பதில் சொல்கிறது?

"சர்க்கார் இன்ஷூரன்ஸ்தான் இருக்கிறதே!" என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறது. 2009-இல் தமிழ்நாட்டில் காப்பீடு தொடங்கியது. 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்று நடக்கிறது. வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பத்துக்கு வருஷத்தில் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. அண்டியிருக்கும் தாய் தகப்பனும் இதில் சேர்த்தி. 2008 முதல் 108 வண்டி காசு வாங்காமல் வந்து ஏற்றிச் செல்கிறது. இவற்றின் பயனை நாம் குறைத்துச் சொல்லமாட்டோம்.

ஆனால் ஏழையின் கணக்கு ஆஸ்பத்திரிப் பில்லோடு முடிவதில்லை. நடவுக்கும் களைக்கும் போகும் ஒரு புருஷன் பெண்டாட்டியை எடுத்துக்கொள்வோம். கிழவர் தஞ்சை ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். துணைக்கு ஒருவர் இருந்தே ஆகவேண்டும். ஒரு கூலி போயிற்று. பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, சோறு கட்டிக்கொண்டு அலைகிற மற்றவரின் கூலியும் பாதி போயிற்று. பஸ் சார்ஜ், டீத் தண்ணி, வெளியே வாங்கும் மருந்து, வீடு திரும்பிய பின் மாதக்கணக்கில் மாத்திரை! நடவோ யாருக்காகவும் காத்திருப்பதில்லை. அந்தச் சில வாரம் போனால் போனதுதான். அறுப்புக்கு மெஷின் வந்தபின் கூலி நாட்களும் சுருங்கிவிட்டன. ஆபரேஷன் இலவசம்தான், ஆனால் அடுப்பு அணைந்துவிட்டது!

அப்போது கடன் வருகிறது. தோடு அடகுக்குப் போகிறது. அதற்கு மேல் குழுக் கடன், அதற்கும் மேல் கந்துவட்டி. கந்துவட்டியைத் தடுக்க 2003-இல் சட்டம் வந்தது. கடன் வசூலில் அடாவடியைத் தடுக்க 2025-இல் இன்னொரு சட்டம் வந்தது. வட்டிக்காரன் கையை இவை பிடிக்கலாம். உலையில் அரிசி போடாது.

தஞ்சை மண் இதை அறியாததல்ல. கல்யாணத்துக்கும் சாவுக்கும் வியாதிக்கும் தகப்பன் வாங்கிய கடனுக்காக மகன் பண்ணையில் உழைத்த காலம் இங்கே இருந்தது. போராட்டத்தின் பலனாக 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் நாடு முழுவதற்கும் வந்தது. அந்தச் சங்கிலியை வியாதிக் கடன் என்ற பெயரில் மறுபடியும் மாட்ட விடுவதா?

அதே 1952 பிப்ரவரியில்தான் கான்பூரிலும் டில்லியிலும் இ.எஸ்.ஐ. திட்டம் தொடங்கியது. பிறகு கோவை மில் தொழிலாளர்களுக்கும் வந்தது. அதன் தத்துவம் என்ன? வியாதி வந்தவனுக்கு வைத்தியம் மட்டும் போதாது, நின்ற கூலிக்கும் ஈடு வேண்டும் என்பதே. இ.எஸ்.ஐ.யில் உள்ள தொழிலாளி படுத்துவிட்டால் சம்பளத்தில் 70 சதவீதம், வருஷத்தில் 91 நாள் வரை உண்டு. அந்த வருஷம் ஜூன் மாதம் ஜெனிவாவில் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனமும் தன் 102-வது உடன்பாட்டில் இதையே எழுதிற்று. இந்தியா அந்த உடன்பாட்டை ஏற்று உறுதி செய்யவில்லை.

இந்தப் பாதுகாப்பு வயலில் நிற்பவனுக்கு இல்லை. சுவாமிமலையில் மெழுகு உருவத்தின்மேல் காவிரி வண்டலைப் பூசி, உலோகத்தைக் காய்ச்சி ஊற்றி, உலகம் மெச்சும் சிலை வார்க்கிறானே, அவன் பட்டறையில் பத்துப் பேர் இல்லையென்றால் பெரும்பாலும் அவனுக்கும் இல்லை. இ.எஸ்.ஐ. உள்ள மில் தொழிலாளிக்கும் தான் படுத்தால்தான் ஈட்டுத் தொகை. தகப்பன் கட்டிலருகே நின்ற நாட்களுக்கு ஒன்றும் கிடையாது.

பணம் இல்லை என்று ஆட்சியில் இருப்பவர்கள் கையை விரிக்கக்கூடாது. ஆந்திராவில் 2019 டிசம்பரில், சிகிச்சை முடிந்து ஓய்வில் இருக்கும் ஏழை நோயாளிக்கு நாளொன்றுக்கு 225 ரூபாய், மாதம் 5,000 வரை கொடுக்கும் திட்டம் தொடங்கப்பட்டது. மனமிருந்தால் செய்யலாம் என்பதற்கு இது சாட்சி. 2025-க்குள் நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 சதவீதத்தைச் சுகாதாரத்துக்குச் செலவிடுவோம் என்று மத்திய சர்க்கார் 2017-இல் சொன்னது. 2021-22-இல் எல்லா சர்க்கார்களும் சேர்ந்து செலவிட்டது 1.84 சதவீதம். அந்த வருஷம் நாட்டின் மொத்த வைத்தியச் செலவில் 39.4 சதவீதத்தை மக்கள் தங்கள் கைக்காசிலிருந்தே கொடுத்தார்கள்.

ஆகவே நாம் கோருவது இதுதான்: காப்பீட்டில் சேர்ந்த ஏழைக் குடும்பத்துக்கு, நோயாளியின் கூலிக்கும் துணையிருப்பவரின் கூலிக்கும் ஈட்டுத் தொகை கொடுக்கவேண்டும். அதை ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே கொடுக்கவேண்டும். விவசாயத் தொழிலாளருக்கும் சிறு பட்டறைத் தொழிலாளருக்கும் இ.எஸ்.ஐ. போன்ற பாதுகாப்பு வேண்டும்.

கோரிக்கை நிறைவேறும் வரை கைகட்டி இருக்கவேண்டியதில்லை. காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் ரேஷன் கார்டையும் வருமானச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு இப்போதே பதிவு செய்யுங்கள். நோய் வந்தபின் அலையாதீர்கள். மில் தொழிலாளர்களே! உங்களை அண்டியிருக்கும் தாய் தகப்பனுக்கும் இ.எஸ்.ஐ. வைத்தியம் உண்டு. அவர்கள் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். எந்த அவசரத்திலும் வெற்றுத்தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள்.

ஒவ்வொரு கிராமச் சங்கமும் அறுப்புக் காலத்தில் ஆளுக்கு ஒரு மரக்கால் நெல் எடுத்து வைக்கட்டும். ஆஸ்பத்திரியில் துணைக்கு முறை வைத்து ஆள் அனுப்பட்டும். ஒரு வீட்டின் சுமையைப் பத்து வீடு தாங்கினால் கடன்காரன் வாசலுக்கு வரமாட்டான். அந்தப் பத்து வீடும் சேர்ந்து கேட்டால் சர்க்காரும் பதில் சொல்லியே தீரவேண்டும்!