கேட்டுக்குள் தடை... கேட்டைத் தாண்டினால்? கல்லூரி வளாகத்தில் போதையைத் தடுக்க சட்டம் சொல்வது என்ன? வீரபாண்டியில் சிக்கல் எங்கே?

கல்லூரி திறந்ததும் உறுதிமொழி. ஜூன் 26 சர்வதேச போதைப்பொருள் ஒழிப்பு தினத்தில் பேரணி. நுழைவாயிலில் 'போதைப்பொருள் இல்லா வளாகம்' என்று ஒரு போர்டு. தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்ட் 11 அன்று பள்ளி, கல்லூரிகளில் மாணவர்களை உறுதிமொழி எடுக்க வைத்த பிறகு, இதெல்லாம் வழக்கமான காட்சிகள் ஆகிவிட்டன. போதைப்பொருள் எதிர்ப்பு மன்றங்களும் தொடங்கப்பட்டன.

இவை தேவைதான். ஆனால் வளாகம் சுத்தமாக இருப்பதும், மாணவர் சுத்தமாக இருப்பதும் ஒன்றல்ல. கேட்டுக்குள் எதுவும் கிடைக்காவிட்டால் கல்லூரிக்கு நிம்மதி. கேட்டுக்கு வெளியே 200 மீட்டரில் கிடைத்தால் பெற்றோருக்கு என்ன நிம்மதி?

திருப்பூர் வீரபாண்டி போன்ற ஒரு தொழில் பகுதியில் இந்தக் கேள்விக்கு கனம் அதிகம். ஏன் என்று பார்க்கும் முன், இரண்டு சம்பவங்கள்.

பொத்தேரியில் 1,000 போலீஸ், களமசேரியில் ஒரு கடிதம்

2024 ஆகஸ்ட் 31. சென்னையை அடுத்த பொத்தேரியில் தனியார் பல்கலைக்கழகத்தை ஒட்டிய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் தாம்பரம் மாநகர போலீசார் அதிகாலையில் இறங்கினார்கள். சுமார் 1,000 போலீசார், 500-க்கும் மேற்பட்ட வீடுகளில் சோதனை. சிக்கியது அரை கிலோ அளவிலான கஞ்சா, கஞ்சா சாக்லேட், கஞ்சா எண்ணெய் போன்றவை. கவனிக்க வேண்டியது இடத்தை. சோதனை நடந்தது வளாகத்துக்குள் அல்ல, மாணவர்கள் வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்த வீடுகளில்.

2025 மார்ச் 13 இரவு. கேரள மாநிலம் கொச்சி அருகே களமசேரி அரசு பாலிடெக்னிக் விடுதி. இங்கே சிக்கியது சுமார் 2 கிலோ கஞ்சா. ஹோலி கொண்டாட்டத்துக்காக விடுதியில் பணம் வசூல் நடக்கிறது என்று கல்லூரி முதல்வரே முன்கூட்டி போலீசுக்குக் கடிதம் எழுதியிருந்தார். அடுத்தகட்ட விசாரணையில், சப்ளை செய்ததாக முன்னாள் மாணவர்கள் கைதானார்கள்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெரியும். உள்ளே நடப்பது உள்ளே இருப்பவர்களுக்குத்தான் முதலில் தெரிகிறது. ஆனால் சரக்கு வருவது வெளியில் இருந்து.

வீரபாண்டியில் என்ன தனி?

பல்லடம் சாலையை ஒட்டிய வீரபாண்டி, 2011-ல் திருப்பூர் மாநகராட்சியோடு சேர்ந்தது. பனியன் கம்பெனிகள், சாயம், பிரிண்டிங் வேலைகளை நம்பி வாழும் பகுதி. வெளிமாவட்டம், வெளிமாநிலத்தில் இருந்து வந்தவர்கள் தங்கும் லைன் வீடுகள் நிறைய. நைட் ஷிப்ட் ஓடும் ஊர் என்பதால் ராத்திரி 11 மணிக்கு ஒரு பையன் ரோட்டில் நின்றால் யாரும் 'எங்கடா போற?' என்று கேட்கப் போவதில்லை.

படித்துக்கொண்டே செக்கிங், பேக்கிங் வேலைக்குப் போகும் மாணவர்களும் திருப்பூரில் உண்டு. சனிக்கிழமை வாரச் சம்பளம் கைக்கு வரும். அந்தப் பணத்தில்தான் ஃபீஸ், பஸ் செலவு, தங்கச்சிக்கு நோட்டு எல்லாம். அப்பா, அம்மா இரண்டு பேரும் கம்பெனிக்குப் போய்விட்டால் பிள்ளையின் கண் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வீட்டில் ஆள் இல்லை. குணம் கெட்டுப் போய் வரும் பிரச்சினை இல்லை இது. கையில் காசு, கவனிக்க ஆளில்லாத நேரம், பக்கத்திலேயே சரக்கு. இந்த மூன்றும் சேரும் இடத்தில் எந்த ஊர்ப் பிள்ளைக்கும் ஆபத்துதான்.

சரக்கு வரும் வழியும் ரகசியமல்ல. ஆந்திரா - ஒடிசா எல்லை மலைப்பகுதிகளில் விளையும் கஞ்சா ரயில்களில் தெற்கே வருகிறது. தன்பாத் - ஆலப்புழா எக்ஸ்பிரஸ் போன்ற வடக்கு ரயில்கள் திருப்பூர் வழியாகத்தான் கேரளா போகின்றன. அதனால்தான் இந்த வழித்தடத்தில் ரயில் பெட்டிகளில் அடிக்கடி சோதனை நடக்கிறது. கஞ்சாவைத் தாண்டி, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத வலி நிவாரணி மாத்திரைகளைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்ளும் பழக்கமும் கோவை, திருப்பூர் வட்டாரத்தில் போலீசுக்குத் தலைவலி. மாத்திரைக்கு வாசனை கிடையாது. கேட்டில் பையைத் திறந்து பார்க்கும் வாட்ச்மேனால் கண்டுபிடிக்க முடியாது.

சிகரெட்டுக்கு 91 மீட்டர், மதுவுக்கு 50 மீட்டர்!

கல்வி நிறுவனத்தில் இருந்து 100 கெஜ தூரத்துக்குள் பீடி, சிகரெட் விற்கக் கூடாது என்கிறது 2003-ஆம் ஆண்டின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம். 100 கெஜம் என்றால் சுமார் 91 மீட்டர். அந்த எல்லையைக் காட்ட சாலையில் மஞ்சள் கோடு போட வேண்டும் என்பது மத்திய சுகாதாரத்துறை 2019-ல் தந்த வழிகாட்டுதல்.

டாஸ்மாக் கடைக்கு? தமிழ்நாடு மதுபான சில்லறை விற்பனை விதிகளின்படி மாநகராட்சி, நகராட்சிகளில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் இடைவெளி இருந்தால் போதும். அதாவது, வீரபாண்டி ஊராட்சியாக இருந்தவரை 100 மீட்டர். மாநகராட்சி ஆனதும் 50 மீட்டர். அதிலும் வணிகப் பகுதி, தொழில் பகுதி என்று நகரமைப்புத் துறை வகைப்படுத்திய இடங்களில் இந்த தூரக் கட்டுப்பாடே பொருந்தாது என்று ஒரு விலக்கு இருக்கிறது. தொழில் நகரத்தில் இந்த விலக்குக்கு எவ்வளவு அர்த்தம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு விஷயம். தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவருக்கு மது விற்கக் கூடாது. இளநிலைப் பட்டம் படிப்பவர்களில் பெரும்பாலோர் 17 முதல் 20 வயதுக்காரர்கள். எனவே சட்டப்படி பார்த்தால் தூரம் 50 மீட்டரோ 500 மீட்டரோ, அவர்களுக்கு கவுன்டரில் பாட்டில் கொடுக்கவே கூடாது. வயதுச் சான்று கேட்கும் பழக்கம் வந்தாலே பாதி வேலை முடிந்தது.

2017 ஏப்ரலில் இதே திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் டாஸ்மாக் கடைக்கு எதிராகப் பெண்கள் ரோட்டுக்கு வந்த போராட்டம் மாநிலம் முழுக்கப் பேசப்பட்டது. வீட்டுக்குப் பக்கத்தில் கடை வந்தால் ஊர் திரள்கிறது. கல்லூரிக்குப் பக்கத்தில் இருந்தால்? மாணவர்கள் மூன்று வருஷத்தில் போய்விடுவார்கள். பெற்றோர் இருப்பது வேறெங்கோ. அங்கே கேட்கும் பொறுப்பு கல்லூரி நிர்வாகத்துக்குத்தான் வருகிறது.

மாட்டிக்கிட்டா என்ன ஆகும்?

1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் எடையைப் பார்க்கிறது. கஞ்சா என்றால்:

• 1 கிலோவுக்குக் கீழ்: ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.
• 1 கிலோ முதல் 20 கிலோ வரை: 10 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்.
• 20 கிலோவுக்கு மேல்: 10 முதல் 20 ஆண்டு சிறை, 1 முதல் 2 லட்சம் ரூபாய் அபராதம். ஜாமீன் கிடைப்பதும் மிகக் கடினம்.

களமசேரியில் இந்த வித்தியாசம் அன்றைக்கே தெரிந்தது. 10 கிராமுக்கும் குறைவாக வைத்திருந்ததாகப் பிடிபட்ட மாணவர்கள் ஜாமீனில் வெளியே வந்தார்கள். 1.9 கிலோ கிடைத்த அறையின் மாணவர் சிறைக்குப் போனார்.

'சும்மா ஃப்ரெண்டுக்காக ரூம்ல வச்சிருந்தேன்' என்பது காப்பாற்றாது. வைத்திருப்பதே குற்றம். கல்வி நிறுவனத்திலோ அதன் அருகிலோ குற்றம் நடந்தது என்பதை, தண்டனையைக் கூட்டும் காரணமாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது பிரிவு 32பி. ஜாமீன் சுலபம் என்றாலும் வழக்கு வழக்குதான். அரசு வேலை, பாஸ்போர்ட் என்று போலீஸ் சரிபார்ப்பு வரும்போதெல்லாம் அது முன்னால் வந்து நிற்கும்.

கல்லூரி மறைத்தால்?

பல நிர்வாகங்கள் பயப்படுவது பெயருக்கு. 'வெளியே தெரிஞ்சா அட்மிஷன் போயிடும்' என்ற கவலை. ஆனால் பிரிவு 25-ஐ நிர்வாகங்கள் ஒருமுறை படிப்பது நல்லது. தன் கட்டுப்பாட்டில் உள்ள கட்டடத்தையோ அறையையோ இந்தக் குற்றத்துக்குப் பயன்படுத்தத் தெரிந்தே அனுமதித்தால், அனுமதித்தவருக்கும் அதே குற்றத்துக்கான தண்டனை உண்டு. இது விடுதிக்கு மட்டுமல்ல. மாணவர்களுக்கு ரூம் விடும் வீட்டு ஓனர்களுக்கும் பொருந்தும்.

விடுதி விதிப்படி அறையைச் சோதிக்க நிர்வாகத்துக்கு வழி இருக்கலாம். ஆனால் பொருள் கிடைத்தால் அதைப் பறித்து, திட்டி அனுப்பி, விஷயத்தை மூடுவதற்கு கல்லூரிக்கு அதிகாரம் இல்லை. போலீசிடம் ஒப்படைக்க வேண்டும்.

டிசி கொடுத்தால் தீருமா?

விற்பவரையும் பழக்கத்தில் சிக்கியவரையும் ஒரே தராசில் வைப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. விற்பவர் விஷயத்தில் தயவு காட்டினால் நூறு பேருக்கு ஆபத்து. ஆனால் சிக்கியவருக்கு டிசி கொடுத்தால் என்ன நடக்கும்? வளாகத்தின் கணக்கில் ஒரு கேஸ் குறையும். அந்தப் பையன் காலை 9 முதல் 3 வரை இருந்த ஒரே கண்காணிப்பையும் இழப்பான். இதைப் பார்க்கும் மற்ற மாணவர்கள், தங்கள் நண்பன் சிக்கினாலும் வாய் திறக்க மாட்டார்கள். களமசேரியில் வேலை செய்தது முன்கூட்டி வந்த தகவல். பயம் அந்தத் தகவலைத்தான் முதலில் நிறுத்துகிறது.

சட்டமே இந்த வித்தியாசத்தை ஏற்றுக்கொள்கிறது. பிரிவு 64ஏ-யின்படி, போதைப்பழக்கத்துக்கு அடிமையான ஒருவர் மீது பயன்படுத்தியதாகவோ சிறிய அளவு வைத்திருந்ததாகவோ வழக்கு வந்தாலும், அவர் தானாக முன்வந்து அரசு அல்லது அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை எடுத்தால் அந்த வழக்கில் இருந்து விலக்கு கிடைக்கும். சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கு ரத்தாகலாம். இதை வளாக போர்டுகளில் பார்ப்பது அரிது. தண்டனை மட்டும்தான் பெரிய எழுத்தில் இருக்கிறது.

சிகிச்சை பக்கம் நாம் எவ்வளவு பின்தங்கியிருக்கிறோம் என்பதற்கு ஒரு கணக்கு. 2019-ல் வெளியான மத்திய அரசு - எய்ம்ஸ் தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொல்லியிருக்கிறார்.

யாரிடம் சொல்வது?

பக்கத்து ஊரில் ஒரு முன்மாதிரி இருக்கிறது. கோவை மாநகர போலீஸ் 2022-ல் 'போலீஸ் அக்கா' திட்டத்தைத் தொடங்கியது. ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு பெண் போலீஸ். மாணவிகள் ஸ்டேஷன் படி ஏறாமல் அவரிடம் நேராகப் பேசலாம். பிறகு மாணவர்களுக்காக 'போலீஸ் புரோ' வந்தது. தெரிந்த முகம் என்றால்தான் பிள்ளைகள் பேசுவார்கள் என்ற எளிய கணக்கு.

விற்பனை பற்றித் தகவல் தர: தமிழ்நாடு அமலாக்கப் பணியகத்தின் 10581, மத்திய அரசின் 'மானஸ்' 1933.
பழக்கத்தில் இருந்து மீள ஆலோசனைக்கு: 14446. மனநல ஆலோசனைக்கு: 14416.

நேரில் போக வேண்டுமென்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேட்கலாம். தனியார் மீட்பு மையம் என்றால் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி பதிவு பெற்றதா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

பெற்றோர் கேட்க வேண்டிய 3 கேள்விகள்

அட்மிஷனுக்குப் போகும்போது பஸ் வசதி, கேன்டீன் பற்றி விசாரிக்கிறோம். இதையும் கேளுங்கள். போதை எதிர்ப்பு மன்றம் கடைசியாக எப்போது கூடியது? என் பிள்ளை சிக்கினால் முதலில் எனக்கு போன் வருமா, டிசி வருமா? நண்பனைப் பற்றி ஒரு மாணவர் வந்து சொன்னால் அவர் பெயரை யார் காப்பாற்றுவார்?

இந்த மூன்றுக்கும் நேரடியாகப் பதில் சொல்லும் கல்லூரியில், நுழைவாயில் போர்டு சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை.