ஒரு "டா"வும் ஒரு "மாமா"வும்



சாயந்திரம் ஐந்து மணி. பள்ளி விட்டு வந்து, புத்தகப் பையை மூலையில் எறிந்துவிட்டு, கடற்கரை மணலில் கிரிக்கெட் ஆடுகிறீர்கள். துடுப்புதான் ஸ்டம்ப். ஆட்டம் சூடு பிடிக்கும் நேரத்தில் ஒருத்தன், "டேய், போலீஸ்டா!" என்று கத்துகிறான். அவ்வளவுதான்... மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஆளுக்கு ஒரு திசையாக ஓட்டம்!

யாரும் எந்தத் தப்பும் செய்யவில்லை. அப்புறம் ஏன் ஓட்டம்?

இந்தப் பயத்தில் பாதியை விதைத்தது நம் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டுதான். "ஒழுங்கா சாப்பிடு, இல்லைன்னா போலீஸ்கிட்ட பிடிச்சுக் கொடுத்துடுவேன்" என்று சொல்லாத அம்மா உண்டா? பூச்சாண்டி, கோணிப்பைக்காரன், போலீஸ்காரர்... மூவரும் ஒரே பட்டியலில்! பூச்சாண்டி கட்டுக்கதை என்று ஐந்து வயதில் தெரிந்துவிடுகிறது. போலீஸ்காரர் மட்டும் நிஜமாகவே தெருவில் வந்து நிற்கிறார்.

மீதிப் பாதியை விதைப்பது, அவர் வந்து நின்றதும் பேசும் முதல் வார்த்தை. அதைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறோம்.

பழவேற்காட்டுக்குப் போவோம், வாருங்கள். சென்னைக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஏரி. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்த பெரிய ஏரி இதுதான். டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி வியாபாரம் செய்த ஊர். குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். அவற்றைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைகளில் கார் கட்டிக்கொண்டு ஜனங்கள் வருவார்கள்.

2011ம் ஆண்டு டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள். அப்படிச் சுற்றுலா வந்தவர்களை ஏற்றிச் சென்ற படகு ஒன்று கவிழ்ந்து, 22 பேர் இறந்து போனார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. அதன் பிறகு சுற்றுலாப் படகு சவாரிக்குத் தடை வந்தது. தடையை மீறி யாரும் ஆட்களை ஏற்றாமல் பார்த்துக்கொள்வது போலீஸ்காரர்களின் வேலையானது.

இப்போது ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். பதினாறு வயது அண்ணன் ஒருவன், கரையில் நிற்கும் படகில் நாலு பேரை ஏற்றப் பார்க்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் நடக்கத் தெரிவதற்கு முன்பே தண்ணீரில் மிதந்தவன். எந்தக் காற்றுக்கு அலை எழும்பும், ஏரியில் எங்கே சேறு, எங்கே ஆழம், முகத்துவாரம் எந்த மாதத்தில் மணல் மூடும்... எல்லாம் அவனுக்கு அத்துப்படி. வெளியூரில் இருந்து மாற்றலாகி வந்த கான்ஸ்டபிளுக்கு இதில் ஒன்றும் தெரியாது. ஆனால், கான்ஸ்டபிளுக்குத் தெரிந்த ஒன்றை அண்ணன் மறந்துவிட்டான். வலைக்கும் மீனுக்கும் கட்டிய படகு அது. ஏறப் போகிறவர்களுக்கு நீச்சல் தெரியாது. உயிர்காக்கும் ஜாக்கெட் ஒன்றுகூட இல்லை.

போலீஸ்காரர் படகின் ஓரத்தில் லத்தியால் ஒரு தட்டு தட்டி, "டேய், இறங்குடா கீழே!" என்கிறார். அண்ணன் இறங்கிவிடுவான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அவர் கண்ணில் படாத இன்னொரு கரையில் இருந்து ஆள் ஏற்றுவான். அவன் கற்றுக்கொண்டது ஒரே பாடம்தான்: மாட்டிக்கொள்ளக் கூடாது!

அதே போலீஸ்காரர், "தம்பி, கொஞ்சம் இங்கே வா. அந்தக் கிறிஸ்துமஸ் அன்னைக்கு இங்கே என்ன நடந்துச்சுன்னு உங்கப்பாவுக்குத் தெரியும், கேட்டுப் பாரு. இவங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?" என்று கேட்டிருந்தால்? சட்டம் மாறவில்லை, தடையும் மாறவில்லை. ஆனால், பையன் தலை நிமிர்ந்து வீட்டுக்குப் போவான். காரணம் தெரிந்து போவான்.

தமிழில் இந்த "டா" இருக்கிறதே, பொல்லாத எழுத்து! அப்பா கூப்பிட்டால் பாசம், நண்பன் கூப்பிட்டால் உரிமை. முன்பின் தெரியாத ஆள், நாலு பேர் பார்க்கக் கூப்பிட்டால் கன்னத்தில் அறைந்த மாதிரி இருக்கும். பதினாறு வயதில் அந்த அறை நாலு மடங்காக வலிக்கும். பெரியவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

சரி, நம் பக்கம் மட்டும் ஒழுங்கா? "மாமா வராருடா" என்று போலீஸ்காரரைப் பார்த்துக் கிண்டல் செய்கிறீர்களே, அது என்ன? இதே பக்கங்களில் "போலீஸ் மாமா" என்று அன்பாக எழுதுகிறோம். அதே வார்த்தையை இழுத்துச் சொல்லி, ஒரு சிரிப்பும் சேர்த்தால் அது கேலி. அவருக்கும் காது இருக்கிறது. வெயிலில் நின்று கறுத்துப் போய், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வீட்டில் இல்லாமல், அடுத்தவர் வீட்டுத் திருவிழாவுக்குக் காவல் நிற்கிறவர் அவர். தமிழ்நாட்டில் காவலர்களுக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்று அரசாணை வந்ததே 2021ல்தான். போலீஸ் குடியிருப்பில் இருந்து இந்த இணைப்பைப் படிக்கும் பிள்ளைகளுக்கு, நாங்கள் சொல்ல வேண்டியதே இல்லை.

இந்தச் சண்டை நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. கடல் தாண்டி வேறொரு பலகையின் மேலும் நடந்தது. ஸ்கேட்போர்டு தெரியும் அல்லவா? நாலு சக்கரம் வைத்த பலகை. அதன் மேல் நின்று வழுக்கிக்கொண்டு போவார்கள், எகிறிக் குதிப்பார்கள். விழுந்தால் முட்டி பெயரும். நடந்து போகிற பாட்டி மேல் மோதினால் பாட்டிக்கு எலும்பு முறியும். ஆகவே, பல நாடுகளில் இந்தப் பிள்ளைகளைப் போலீஸ் விரட்டியது.

நார்வே நாடு 1978ல் ஸ்கேட்போர்டையே தடை செய்துவிட்டது. விற்கக் கூடாது, ஓட்டக் கூடாது. பிள்ளைகள் விட்டார்களா? காட்டுக்குள் ஒளிவாகச் சறுக்குமேடை கட்டி ஆடினார்கள்! 1989ல் தடையை நீக்கினார்கள்.

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்தில் "லவ் பார்க்" என்ற பூங்கா, ஸ்கேட்போர்டு ஓட்டுகிறவர்களிடையே உலகப் புகழ் பெற்றது. 2002ல் நகராட்சி அங்கே ஓட்டத் தடை போட்டது. எட்மண்ட் பேக்கன் என்ற பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த இடத்தில் ஒரு பூங்கா வேண்டும் என்று முதலில் யோசித்த நகரமைப்பு நிபுணரே அவர்தான். தலைக்கவசம் போட்டுக்கொண்டு, இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடிக்க, பூங்காவில் ஸ்கேட்போர்டு ஓட்டித் தன் எதிர்ப்பைக் காட்டினார். அப்போது அவருக்கு வயது 92!

அதே அமெரிக்காவில், கிரீன் பே என்ற ஊரில் ஒரு போலீஸ்காரர் வேறு மாதிரி யோசித்தார். தானே ஒரு ஸ்கேட்போர்டில் ஏறி, சீருடையோடு ரோந்து போனார். அவரைக் கண்டால் பிள்ளைகள் ஓடுவார்களா, சுற்றி வந்து நிற்பார்களா? நீங்களே சொல்லுங்கள்.

2021ல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கில் ஸ்கேட்போர்டு முதல்முறையாக இடம் பெற்றது. பெண்களுக்கான தெருப் பிரிவில் தங்கம் வென்ற ஜப்பானின் மோமிஜி நிஷியாவுக்கு வயது 13. வெள்ளி வென்ற பிரேசிலின் ராய்சா லேலுக்கும் 13தான்!

"இதெல்லாம் வெளிநாட்டுச் சமாச்சாரம்" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நம் கடற்கரையிலேயே, மாமல்லபுரத்தில், மீனவர் குடும்பத்தில் பிறந்த கமலி மூர்த்தி, கவுனோடு, வெறுங்காலோடு ஸ்கேட்போர்டு ஓட்டிய படம் உலகம் முழுக்கச் சுற்றியது. அவரைப் பற்றிய ஆவணப்படம் 2020ல் பிரிட்டனின் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைப் பட்டியலில் இடம் பிடித்தது. கமலி பிறகு அலைச்சறுக்கில் தேசிய அளவில் பட்டங்கள் வென்றார்.

மத்தியப் பிரதேசத்தில் ஜன்வார் என்று ஒரு குக்கிராமம். 2015ல் அங்கே பிள்ளைகளுக்காக ஸ்கேட்போர்டு மைதானம் கட்டினார்கள். இரண்டே விதிகள். பள்ளிக்குப் போகாதவருக்குப் பலகை கிடையாது. பெண் பிள்ளைகளுக்கே முதல் இடம். விதி சின்னது, காரணம் எல்லோருக்கும் தெரிந்தது. லத்திக்கு அங்கே வேலையே இல்லை.

விதி என்றாலே போலீஸ் என்றுதான் நமக்கு ஞாபகம் வருகிறது. பழவேற்காட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள், வேறு கதை சொல்வார்கள். அங்கே "பாடு" என்று ஒரு முறை உண்டு. ஏரியில் நல்ல மீனும் இறாலும் கிடைக்கும் இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே நாளில் அங்கே போய் விழுந்தால் சண்டைதான் மிஞ்சும். அதனால் சீட்டுக் குலுக்கி, இன்றைக்கு இவர்கள், நாளைக்கு அவர்கள் என்று முறை வைத்துப் பிடிக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக நடக்கிற ஏற்பாடு இது. காவலுக்கு யாரும் நிற்பதில்லை. இன்று நான் உன் முறையை மதித்தால், நாளை நீ என் முறையை மதிப்பாய்... கணக்கு அவ்வளவுதான். இந்த முறையில் எல்லாத் தரப்புக்கும் இடம் கிடைத்ததா என்று பெரியவர்களுக்குள் வழக்கும் உண்டு. ஆனால், விதியைப் போட்டவர்களும் அதற்குக் கட்டுப்படுகிறவர்களும் ஒருவரே என்பதைக் கவனியுங்கள்.

அந்த ஊர்ப் பிள்ளைகளிடம் போய் விரட்டித்தான் ஒழுங்கு கற்றுத் தர வேண்டும் என்று யாராவது நினைத்தால், அவர் இன்னும் ஊரைப் புரிந்துகொள்ளவில்லை என்று பொருள்.

இன்னொரு முக்கியமான விஷயம். 2008 நவம்பர் 26ம் தேதி இரவு, மும்பையைத் தாக்கிய பயங்கரவாதிகள் கடல் வழியாகத்தான் வந்தார்கள். ரப்பர் படகில் அவர்கள் கரை இறங்கியதை முதலில் பார்த்தது மீனவர் குடியிருப்பு மக்கள். "யாரப்பா நீங்கள்?" என்று கேட்டதும் அவர்கள்தான். கரையோரத்தின் முதல் கண் மீனவர்களின் கண்தான் என்று அன்றைக்கு நாடு முழுக்கப் புரிந்தது. தமிழ்நாட்டில் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் என்ற காவல் பிரிவு இருக்கிறது. கடலில் ஆபத்து என்றாலோ, சந்தேகப்படும்படி எதையாவது பார்த்தாலோ 1093 என்ற எண்ணுக்குப் போன் செய்யச் சொல்கிறார்கள். மீனவ இளைஞர்களையே ஊர்க்காவல் படையிலும் சேர்த்தார்கள்.

காக்கியைக் கண்டாலே ஓடிப் பழகிய பையன், ராத்திரியில் முன்பின் தெரியாத படகு ஒன்று குப்பத்துப் பக்கம் ஒதுங்குவதைப் பார்த்தால் 1093க்குப் போன் செய்வானா? "நமக்கேன் வம்பு" என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வான். ஒரு "டா"வுக்கு இவ்வளவு விலை!

போலீஸ்காரர்கள் பிள்ளைகளிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. இளைஞர் நீதிச் சட்டம், 2015. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர் தவறே செய்திருந்தாலும் கைவிலங்கு போடக் கூடாது, லாக்கப்பில் வைக்கக் கூடாது, அடித்து மிரட்டக் கூடாது. பெற்றோருக்குத் தகவல் சொல்ல வேண்டும். பிள்ளைகளிடம் பேசும்போது கூடியவரை சீருடை இல்லாமல், சாதாரண உடையில் இருக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தைகள் நலனைக் கவனிக்கவே ஓர் அதிகாரி இருக்க வேண்டும். யாராவது வரம்பு மீறினால் 1098 என்ற எண் இருக்கிறது. காசு ஆகாது.

உங்கள் பங்குக்குச் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். போலீஸ்காரர் கூப்பிட்டால் நில்லுங்கள். தப்பு செய்யாதவன் ஓடினால், செய்த மாதிரி ஆகிவிடும். பெயரைச் சொல்லுங்கள். "ஏன் சார் கூடாது?" என்று கேளுங்கள். குரலை உயர்த்தாமல் கேட்டால் அது கேள்வி, உயர்த்திக் கேட்டால் சண்டை. உயிர்காக்கும் ஜாக்கெட் போடு, ரோட்டில் ஆடாதே, பாலத்தில் இருந்து குதிக்காதே என்று அவர் சொன்னால், சொல்வது காக்கிச் சட்டை என்பதற்காகவே மறுக்காதீர்கள்.

அடுத்த வாரம் ஒரு வேலை தருகிறோம். வகுப்பு ஆசிரியரையோ, வீட்டில் பெரியவர் ஒருவரையோ கூட்டிக்கொண்டு உங்கள் ஊர்க் காவல் நிலையத்துக்குப் போங்கள். குழந்தைகள் நல அதிகாரி யார் என்று விசாரியுங்கள். அவர் உங்களை எப்படிக் கூப்பிட்டார், நீங்கள் அவரை எப்படிக் கூப்பிட்டீர்கள், என்ன பேசினீர்கள் என்று ஒரு போஸ்ட் கார்டில் எழுதி அனுப்புங்கள். சில்லறை வார்த்தைகளையும் விடாமல் எழுத வேண்டும். நல்ல கடிதங்களை இதே பக்கத்தில் வெளியிடுகிறோம். காவலர்கள் எழுதினாலும் வெளியிடுவோம்!

- ஆசிரியர்