தாளிக்கக் கற்போம்

சமையலை வெறும் வீட்டு வேலை என்று கருதுவது பொருந்தாது. அது தலைமுறைகள் சேர்த்துவைத்த அறிவு. ஒரு பொரியலையே எடுத்துக்கொள்வோம். கடுகு, மிளகாய் போன்றவற்றின் மணம் நீரைவிட எண்ணெயில் நன்கு கரையும். ஆகவேதான் காய்ந்த எண்ணெயில் முதலில் கடுகு வெடிக்கிறது. உளுத்தம்பருப்பு சிவந்தபின் மிளகாயும் கறிவேப்பிலையும் சேர்கின்றன. காய்க்கு அதன் பின்னரே இடம். எண்ணெய் காயாவிடில் கடுகு வெடிக்காது. சற்றே தாமதித்தால் பருப்பு கருகிவிடும்.

இவ்வறிவு பழைமையானது. பசிய மாதுளங்காயுடன் மிளகும் கறிவேப்பிலையும் கூட்டி வெண்ணெயில் சமைத்த உணவைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. போர்ச்சுக்கீசியர் வழியாக மிளகாய் வந்தது பிற்காலத்தில்தான். மிளகின் பெயரையே அதற்கும் சூட்டி நம் சமையலறை அதனை ஏற்றுக்கொண்டது.

இத்தகைய அறிவைப் பெண்களுக்கு மட்டும் உரியதாக ஒதுக்குவது இருபாலர்க்கும் இழைக்கும் தீங்காகும். மகளுக்கு அது ஓய்வில்லாக் கடமையாகிறது. மகனோ, வெளியூருக்குப் படிக்கச் சென்றதும் ஒருவேளை உணவுக்கும் கடையையே நம்பி நிற்கிறான். கைப்பக்குவம் பிறவியில் வருவதன்று. செய்து செய்து வருவது. பள்ளிப்படிப்பு முடியும் முன்னர், மாணவர் ஒவ்வொருவரும் ஒரு பொரியலையேனும் தாமே சமைக்கக் கற்றல் வேண்டும். உண்ணும் உரிமை உடையோர் அனைவர்க்கும் அடுப்படியின் பொறுப்பும் உண்டு.