தெரிந்து விளையாடல்

பொருட்பாலில் ‘தெரிந்துதெளிதல்’ என ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், அதனையடுத்தே ‘தெரிந்துவினையாடல்’ என்னும் அதிகாரத்தை அமைத்தார். முதலில் ஆராய்ந்து தெளிக. தெளிந்தபின் ஏற்ற வினையில் அமர்த்துக என்பதே அவ்வைப்புமுறை உணர்த்தும் கருத்து. ஆளைத் தேர்வதற்குக் கூறப்பட்ட இந்நெறி, நாம் அன்றாடம் வாங்கும் பொருளுக்கும் பொருந்தும். அரசியல் நெறியை வீடியோ கேமிற்குப் பொருத்துவதோ என நகைப்போர் இருக்கலாம். வினையாடலுக்கு உரிய நெறி விளையாடலுக்கும் உரியதே என்பது நம் துணிபு.

முத்தியால்பேட்டையிலும் புதுவையின் பிற பகுதிகளிலும் பிரான்சில் உறவுடைய குடும்பங்கள் பல உள்ளன. விடுமுறைக்கு வந்தோர் சாக்லேட்டும் சென்ட்டும் கொணர்ந்ததோடு ‘பிளேஸ்டேஷன் 2’ பெட்டியும் கொணர்ந்த காலம் ஒன்றிருந்தது. சோனி நிறுவனம் 2000ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஜப்பானில் வெளியிட்ட இப்பொறி, உலகெங்கும் 15 கோடிக்கு மேல் விற்பனையாயிற்று. கபடி முதலிய நம் நாட்டு ஆட்டங்களைக் கொண்ட ‘தேசி அடா’ என்னும் குறுந்தகடும் 2009இல் இதற்கென வெளிவந்தது. 2013ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பொறியின் உற்பத்தி நின்றுவிட்டது.

பெட்டிகள் இன்னும் பல இல்லங்களில் நன்கு ஓடுகின்றன. முதலில் தேய்வது, இளைஞர் ‘கன்ட்ரோலர்’ என்றும் சென்ற தலைமுறையினர் ‘ஜாய்ஸ்டிக்’ என்றும் வழங்கும் கைக்கருவியே. அதன் கம்பி அறும், விசை அழுந்தாது. அக்கருவி ஒன்று கிடைக்காமையால், குற்றமற்ற பெட்டியும் பழைய இரும்புக் கடைக்குச் செல்கிறது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகள், வீடியோ கேம்களையும் தம் பட்டியலில் சேர்த்துள்ளன. கழிவான பின் முறையாக அகற்றுவது கடமைதான். கழிவாகாமல் காப்பது அதனினும் நன்று.

இவ்விடத்தில்தான் பிற நிறுவனங்கள் செய்து விற்கும் கம்பியில்லாக் கைக்கருவிகள் துணைக்கு வருகின்றன. இவற்றைப் ‘போலி’ என ஒரு சொல்லால் ஒதுக்குவோர் உளர். அது முறையன்று. பிறர் பெயரைத் தன்மேல் பொறித்துக்கொண்டு விற்பனைக்கு வருவது போலி. தன் பெயரைத் தாங்கி, ‘இன்ன பொறியில் இயங்குவேன்’ என்று சொல்லி வருவது போலியன்று. சிலுவை வடிவத் திசைவிசைக்கு நின்டெண்டோ நிறுவனம் 1987இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றிருந்தமையால், பிற நிறுவனத்தார் அதன் அமைப்பை மாற்றிச் செய்ய நேர்ந்தது. காப்புரிமைக்காலம் முடிந்தபின் அவ்வடிவம் அனைவர்க்கும் உரியதாயிற்று. ஆகவே, பிறர் செய்த கருவி என்பது இழுக்கன்று. அது சொன்னபடி இயங்குகிறதா என்பதே வினா.

அவ்வினாவிற்கு விடை காணச் சிறிது தொழில்நுட்பம் அறிதல் வேண்டும். தொடக்ககாலக் கம்பியில்லாக் கருவிகளுட் பல, தொலைக்காட்சி ரிமோட்டைப் போல அகச்சிவப்புக் கதிரால் இயங்கின. இடையில் ஒருவர் நடந்தால் கட்டளை தடைப்படும். 2002இல் நின்டெண்டோ வெளியிட்ட ‘வேவ்பேர்ட்’ வானொலி அலையால் இயங்கி அக்குறையை நீக்கியது. இன்றைய கருவிகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குவன. குறைந்த திறனுடைய கருவிகள் இவ்வலைவரிசையைத் தனி உரிமமின்றிப் பயன்படுத்த நம் நாட்டில் 2005இல் இசைவு தரப்பட்டது. வைஃபையும் புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே வரிசையில் இயங்குவதால் நெரிசலும் அங்கே மிகுதி.

அட்டைப்பெட்டியின் மேல் ‘மூலக் கருவியின் எல்லாச் சிறப்புகளும் உடையது’ என அச்சிட்டிருந்த கருவி ஒன்றை, முத்தியால்பேட்டை இல்லம் ஒன்றில் மாணவர் சிலருடன் அமர்ந்து நாம் சோதித்தோம். வேண்டிய துணைக்கருவி கைப்பேசி ஒன்றே. நொடிக்கு 240 படம் எடுக்கும் வசதியால், விரல் விசையை அழுத்துவதையும் திரையில் உருவம் அசைவதையும் ஒருங்கே பதிவு செய்தோம். ஒரு படத்திற்கும் மறு படத்திற்கும் இடைவெளி ஒரு நொடியின் ஆயிரத்தில் 4 பங்கு அளவே. அழுத்தியதற்கும் அசைந்ததற்கும் இடையில் எத்தனை படங்கள் என எண்ணினால் தாமதம் புலப்படும். ஆயினும், தாமதம் முழுவதும் கைக்கருவியால் வந்ததன்று; தட்டைத் திரைத் தொலைக்காட்சியும் தன் பங்கிற்குத் தாமதிக்கும். ஆதலால் அதே தொலைக்காட்சியில், அதே ஆட்டத்தில், கம்பியுள்ள மூலக் கருவியையும் சோதித்து, இரண்டின் வேறுபாட்டை மட்டும் கொள்ளல் வேண்டும். ஒருமுறை எண்ணியது போதாது. பலமுறை எண்ணுதல் நன்று.

அனைவரும் அஞ்சிய தாமதம் மிகச் சிறிதாகவே இருந்தது. இரண்டு மூன்று படங்களே மிகை. நொடிக்கு 50 முறை திரை புதுப்பிக்கப்படும் இப்பொறியில், ஒருமுறை புதுப்பிக்க ஆகும் நேரத்தினும் அது குறைவு. வைஃபை பெட்டியைப் பொறியருகே வைத்தபோது இடையிடையே கட்டளை தவறியது. தள்ளி வைத்தபின் சீராயிற்று. குறை வெளிப்பட்டது எவரும் எதிர்பாராத இடத்தில்.

1990களில் ‘சாமுராய்’, ‘மீடியா’ முதலிய பெயர்களில் நம் வீடுகளுக்கு வந்த பெட்டிகள், நின்டெண்டோவின் 1983ஆம் ஆண்டுப் பொறியான ஃபேமிகாமின் வழிவந்தவை. அவற்றின் கைக்கருவி அறிந்தவை எட்டு விசைகளும் இரண்டு நிலைகளுமே: அழுத்தியது, அழுத்தாதது. பிளேஸ்டேஷன் 2இன் மூலக் கருவியோ, பெரும்பாலான விசைகளில் விரல் எவ்வளவு அழுத்துகிறது என்பதையும் 256 படிநிலைகளாக உணரும். ‘கிரான் டூரிஸ்மோ 3’ போன்ற கார்ப் பந்தய ஆட்டத்தில் மெல்ல அழுத்தினால் கார் மெல்லச் செல்லும். நாம் சோதித்த கருவியில் மெல்ல அழுத்தினும் கார் முழு வேகத்தில் பாய்ந்தது. அழுத்தத்தின் அளவை அது அனுப்பவே இல்லை. ‘எல்லாச் சிறப்புகளும்’ என்ற அச்சுரை அவ்விடத்தில் பொய்த்தது.

எனில் அக்கருவி தீயதா? கால்பந்திற்கும் கபடிக்கும் அது போதும். கார்ப் பந்தயத்திற்கு ஆகாது. இதுவே தெரிந்து வினையாடல். நன்று, தீது என இரண்டே பெட்டிகளில் உலகத்தை அடைப்பது எளிது. எதற்கு ஏற்றது, எதற்கு ஏலாது எனப் பிரித்தறிவதே கல்வியின் பயன்.

இனி நம் கருத்துகளைத் தொகுத்து உரைப்போம். வணிகப் பெருமக்கள் வாங்குவோர் கடையிலேயே சோதித்துப் பார்க்க இடம் தருதல் வேண்டும். நல்ல பொருளை விற்பவர்க்கு இதனால் இழப்பில்லை. காந்தி வீதியின் ஞாயிற்றுச் சந்தையில் பழம்பொருள் வாங்குவோர்க்கு இவ்வழக்கம் இன்னும் தேவை. சமுதாயப் பெரியோர், ‘விளையாட்டுத்தானே’ எனப் புறந்தள்ளாதிருத்தல் நலம். ஐந்நூறு ரூபாய்ப் பொருளைச் சோதிக்கப் பழகிய இளைஞன், நாளை வீட்டு மனையையும் வேலைவாய்ப்பு விளம்பரத்தையும் சோதியாமல் நம்பமாட்டான்.

ஆசிரியர்களாகிய நமக்கும் ஒரு பொறுப்பு உண்டு. முன்னாளில் நூலியற்றியோர் அவையில் அரங்கேற்றித் தடைவிடை கண்ட பின்னரே அந்நூல் ஏற்கப்பட்டது. புகழ்வதற்கு மட்டுமன்றி ஆராய்வதற்கும் தமிழ் பயன்பட்டமைக்கு அது சான்று. இன்று பொருள்களைப் பற்றித் தமிழில் கிடைப்பதோ பெரும்பாலும் விளம்பரப் புகழுரை. ‘இவ்வாறு சோதித்தோம், இது கண்டோம், இதற்கு ஏற்றது, இதற்கு ஏலாது’ என்று மிகையின்றி ஒரு பக்கம் எழுதும் பயிற்சியை நம் மாணவர்க்குத் தமிழ் வகுப்பிலேயே தரலாம். கைக்கருவியோ, மிக்சியோ, மிதிவண்டியோ, பொருள் எதுவாயினும் ஆகுக. அளந்ததை அளந்தவாறே சொல்லும் உரைநடை பெருகினால், வாங்குவோர்க்கு அது காவலாகும்; தமிழுக்கும் அது வலிமை சேர்க்கும்.