பல தலைவர்களும் பல் தலைவர்களும்

"பல தலைவர்கள் உரையாற்றினர்" என்று நான் எழுதிய வரி, ஒப்புநோக்குநரின் மேசையில் "பல் தலைவர்கள் உரையாற்றினர்" என்று கிடந்தது. அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது ஆண்டுகளாகப் பத்திரிகையில் எழுதுபவனுக்கு ஒரு புள்ளியும் பொறுப்புத்தான்.

பிழையில் பாதி என் கண்களுடையது. மறுபாதி, புதிதாக வாங்கிய காந்த ஆளி விசைப்பலகையினுடையது. விரல் மூட்டுகள் நோகத் தொடங்கியபோது என் பெறாமகன் அதனைப் பரிந்துரைத்தான். "பெரியப்பா, தொட்டாலே காணும், எழுத்து விழும்" என்றான். அவன் சொன்னது உண்மை. அதுவே வினையாயிற்று.

சாதாரண இயந்திர ஆளியில் இரு உலோகத் தகடுகள் ஒன்றையொன்று தொடும்போதே எழுத்துப் பதிவாகிறது. செரி நிறுவனத்தின் சிவப்பு ஆளியில் அது 2 மில்லிமீற்றர் ஆழத்தில் நிகழும்; அதனை மாற்ற இயலாது. காந்த ஆளியிலோ தொடுகையே இல்லை. தண்டிலுள்ள காந்தம் கீழிறங்கும் அளவை, பலகையிலுள்ள உணரி அறிந்துகொள்கிறது. 1879 இல் எட்வின் ஹோல் கண்டறிந்த விளைவு இது. ஹனிவெல் நிறுவனம் 1960களின் இறுதியிலேயே இதனை விசைப்பலகையில் பயன்படுத்திவிட்டது. இன்றைய புதுமை, எழுத்து எந்த ஆழத்தில் விழவேண்டும் என்பதை நாமே தீர்மானிக்கலாம் என்பதே.

ஆனால் விளம்பரங்கள் 0.1 மில்லிமீற்றரைக் காட்டியே ஆசையூட்டுகின்றன. விரலைச் சற்று உயர்த்தினாலே விசை விடுபட்டு அடுத்த அழுத்தத்திற்குத் தயாராகும் வசதியும் உண்டு. இவை கணினி விளையாட்டுக்காரருக்கு உரியவை. பாமினி முறையில் தட்டச்சிடும் நமக்கோ, வலக்கைச் சுண்டுவிரல் இளைப்பாறும் விசையிலேயே புள்ளி இருக்கிறது. விரலின் பாரமே அதனை விழுத்திவிடும்.

ஆகவே இப்பலகையின் சிறப்பு வேகமன்று, சொற்கேட்டு நடப்பதே என்பேன். நான் எல்லா விசைகளையும் 1.8 மில்லிமீற்றரிலும், புள்ளிக்குரிய விசையை மட்டும் 2.8 மில்லிமீற்றரிலும் வைத்துக்கொண்டேன். விரைவு வசதியை நிறுத்திவிட்டேன். அதன்பின் பல் தலைவர்கள் வரவில்லை. விசையை அடிவரை இடிக்கும் பழக்கமும் குறைந்ததால் மூட்டுகளுக்கும் சற்று ஆறுதல்.

ஆளியைத் தெரிவதிலும் அவதானம் தேவை. பெரும்பாலான காந்தப் பலகைகளில் சாதாரண ஆளி இயங்காது. காந்த ஆளிகளிலும் காந்தத்தின் வலுவும் துருவத்தின் திசையும் வகைக்கு வகை வேறுபடும். எனவே பலகையைச் செய்தவர் ஏற்கும் ஆளிகள் எவையெனப் பார்த்தே வாங்குதல் வேண்டும். மாற்றியபின் உணரிகளை மறுபடி அளவீடு செய்தலும் வேண்டும். அடுத்தது வில்லின் கனதி. வூட்டிங் நிறுவனத்தின் லெக்கர் ஆளிகள் 45, 60 என இருவகையாக வந்தன. எண் கூடியது கனத்தது. விரலை விசைமேல் சாய்த்து வைப்போருக்குக் கனத்ததே உகந்தது. பெரும்பாலான காந்த ஆளிகள் வழுவழுவென இறங்குபவை. தட்டச்சுப்பொறியில் பழகி, எழுத்து விழுந்ததை விரலில் உணர விரும்புவோர் பழைய இயந்திர ஆளியோடு நின்றுகொள்வதே நன்று, பணமும் மிஞ்சும்.

வாங்குவதாயின், கடைக்காரரிடம் வேகத்தைப் பற்றிக் கேளாதீர்கள். ஒவ்வொரு விசைக்கும் தனித்தனி ஆழம் வைக்கலாமா என்று கேளுங்கள்.