பித்தளைக் கைப்பிடியும் ஒரு வெள்ளி மோதிரமும்

தாத்தாவின் வீடு கைமாறியபோது என் பங்குக்கு நான் கேட்டு வாங்கியவை வாசற்கதவின் இரண்டு பித்தளைக் கைப்பிடிகள். மற்றவர்கள் பத்திரங்களைப் புரட்டிக்கொண்டிருந்த நேரத்தில் நான் திருப்புளியோடு கதவருகே நின்றதை உறவினர்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். கைப்பிடிகளின் மேல் பொங்கலுக்குப் பொங்கல் பூசிய பச்சை வண்ணம் தடித்துக் கிடந்தது. அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் பொறுமை அன்று எனக்கில்லை. ஒன்றை மட்டும் நகரத்தில் பாலிஷ் போடும் கடையொன்றில் கொடுத்தேன். அமிலத்தில் முக்கி, சுழலும் துணிச்சக்கரத்தில் பிடித்து, வார்னிஷ் பூசி மறுநாளே தந்துவிட்டார்கள். கண்ணைப் பறித்தது. நேற்று வாங்கியதா என்று வீட்டுக்கு வந்தவர்கள் கேட்டார்கள். அதைப் பாராட்டென்றே எடுத்துக்கொண்டேன்.

அது பாராட்டு அன்று என்பது விளங்க ஒரு வெள்ளி மோதிரம் செய்யவேண்டியிருந்தது.

எங்கள் தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் ஆசாரி ஒருவரிடம், ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கற்றுக்கொள்ளலாமா என்று தயங்கியபடி கேட்டேன். கட்டணம் எதுவும் சொல்லவில்லை. "கெடுக்கிற வெள்ளிக்கு மட்டும் காசு கொடுங்க சார்" என்றார். (கணக்குப் பார்த்தால் அதுவே பெரிய கட்டணமாயிற்று.)

பட்டறை ஏன் இருட்டாக இருக்கிறது என்பதே முதல் பாடம். வறுமையால் என்று நினைத்திருந்தேன். தட்டத் தட்ட வெள்ளி இறுகும். இறுகியதை மேலும் தட்டினால் வெடிக்கும். ஆகவே அவ்வப்போது சூடாக்கி இளக்க வேண்டும். மங்கிய சிவப்பு தோன்றும் கணத்தில் நெருப்பை விலக்க வேண்டும். அந்தச் சிவப்பு வெயிலில் தெரியாது. சுத்த வெள்ளி உருகுவது 961 பாகை செல்சியஸில் என்று பாடப்புத்தகம் சொல்லும். ஆசாரியிடம் வெப்பமானி கிடையாது, அரையிருளும் கண்ணும்தான்.

அடுத்தது பற்றவைப்பு. பொடி வைத்துப் பேசுகிறான் என்று நாம் சொல்வோமே, அந்தப் பொடி இங்கிருந்து வந்தது என்பார்கள். மோதிரத்தின் இரு முனைகளையும் சேர்த்து, வெங்காரம் தடவி, தாழ்ந்த வெப்பத்தில் உருகும் கலவையை இணைப்பில் வைத்து ஊதவேண்டும். நான் பொடியைக் குறிவைத்தே ஊதினேன். அது உருண்டு திரண்டு விழுந்தது. மோதிரம் முழுவதையும் சூடாக்கவேண்டும். உருகிய பொடி வெப்பத்தைத் தேடி ஓடும். இணைப்பில் வெளிச்சம் தெரியுமளவு இடைவெளி இருந்தால் எவ்வளவு வைத்தாலும் பிடிக்காது. ஆகவே பற்றவைப்பு என்பது பெரும்பாலும் அரவேலை. இரு முனைகளும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தும்வரை ராவவேண்டும். எனக்கு நான்கு ஞாயிறுகள் பிடித்தன.

இங்கே ஒரு சிறு விலகல். 'கே.டி.எம்.' என்று நகைக்கடைப் பலகைகளில் பெருமையாக எழுதியிருந்ததை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பற்றவைக்கும் தங்கத்தில் காட்மியம் கலப்பதைக் குறித்த பெயர் அது. காட்மியம் குறைந்த வெப்பத்தில் உருகும், ஊதும்போது பெரும்பகுதி ஆவியாகிப் போய்விடும். இணைப்பிலும் மாற்றுக் குறையாது. வாங்குபவருக்கு லாபம். அந்த ஆவி எங்கே போயிற்று? ஊதியவரின் நுரையீரலுக்கும் சிறுநீரகத்துக்கும். இன்று ஹால்மார்க் முத்திரை 2021 முதல் படிப்படியாகக் கட்டாயமாகிவிட்டது, அந்தப் பலகைகளும் மங்கிவிட்டன. ஆனால் நகையின் ஒளியை மட்டும் பார்த்து அதைச் செய்த உடலைப் பாராத பழக்கம் நம்மிடம் அப்படியே இருக்கிறது. கைப்பிடியைக் கடையில் கொடுத்த நானும் அந்தப் பழக்கத்தில்தான் கொடுத்தேன்.

மோதிரம் கோணலாகத்தான் வந்தது. ஆனால் அரம் எந்தத் திசையில் ஓடியது, உளி எங்கே திரும்பியது, கை எங்கே தயங்கியது என்பதெல்லாம் உலோகத்தின் மேல் எழுதப்படுவதை அதற்குப் பிறகு என் கண் படிக்கத் தொடங்கியது. பரணிலிருந்த இரண்டாவது கைப்பிடியை எடுத்தேன்.

பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டுப் பூச்சுகளில் ஈயம் 90 பிபிஎம்மைத் தாண்டக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. எனவே உப்புக்காகிதம் போட்டுத் தேய்த்துத் தூசி கிளப்பலாகாது. சமையலுக்கு இனி வேண்டாத ஓர் எவர்சில்வர் பாத்திரத்தில் சலவைச் சோடா கரைத்த நீரை ஊற்றி, மெல்லிய சூட்டில் கைப்பிடியை ஊறவிட்டேன். (அலுமினியப் பாத்திரம் ஆகாது; சோடா அதை அரித்துவிடும்.) பூச்சு பாம்புச் சட்டைபோல உரிந்தது. ஒட்டியிருந்ததை மூங்கில் குச்சியால் நீக்கினேன்.

உள்ளே ஒரு யாளி இருந்தது. வார்த்தெடுத்த பின் உளியால் கீறிய பிடரிமயிர், இடக்கண்ணில் சற்று வழுக்கிய உளி, பின்புறத்தில் அரத்தின் சாய்ந்த கோடுகள். கட்டைவிரல் படும் இடத்தில் மட்டும் மயிர்க்கோடுகள் தேய்ந்து வழவழத்திருந்தன. பூச்சுகளுக்கு முந்தைய காலத்துத் தேய்மானம் அது. விடியலில் கோலமிட அந்தக் கதவைத் திறந்தவள் பாட்டி.

கடையிலிருந்து வந்த கைப்பிடியை அருகில் வைத்துப் பார்த்தேன். அதுவும் யாளியாகத்தான் இருந்திருக்கவேண்டும். இப்போது ஏதோ ஒரு மிருகம். அமிலம் பித்தளையின் துத்தநாகத்தை அரித்த இடங்களில் செம்பு இளஞ்சிவப்பாய்த் தெரிந்தது. அந்த மழைக்காலத்திலேயே வார்னிஷ் விரிசல் விட்டு, விரிசல்களில் கறை படிந்தது. முழு வார்னிஷையும் நீக்காமல் அந்தக் கறையைத் துடைக்கவும் முடியாது.

பளபளப்புக்கே நான் எதிரி என்று நண்பர்கள் எண்ணவேண்டாம். வெள்ளிக்கிழமைதோறும் புளியிட்டுத் தேய்த்த விளக்கில் லட்சுமியின் மூக்கு மழுங்கிப்போவது அந்த விளக்கு வாழ்ந்த வாழ்வு. கையால் வந்த பொருள் கையாலேயே தேய்கிறது. துணிச்சக்கரம் அத்தனை வெள்ளிக்கிழமைகளையும் பத்து நிமிடத்தில் தின்றுவிடுகிறது. எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத்திருமேனிகள் கருத்த மேனியோடுதான் நிற்கின்றன. அவற்றைப் பொன்போலத் தேய்க்கவேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. வீட்டுத் தாழ்ப்பாளுக்கும் கீலுக்கும் அந்த மரியாதையில் கொஞ்சம் மிச்சம் வைக்கலாம் என்றுதான் கேட்கிறேன். பழைய பொருளைப் புதுப்பிக்கப் புறப்படுபவர்கள், அதற்கு முன் ஏதேனும் ஒன்றைத் தம் கையால் மோசமாகவாவது செய்து பார்ப்பது நல்லது. எதைத் தொடக்கூடாது என்பது அப்போதுதான் தெரியவருகிறது.

இப்போது இரண்டும் என் வீட்டு வாசற்கதவில் இருக்கின்றன. பாலிஷ் போட்டது உட்புறம், யாளி வெளிப்புறம். அதைமட்டும் ஏன் விளக்காமல் விட்டிருக்கிறீர்கள் என்று பால் கொண்டுவருபவர் கேட்கிறார். மாதம் ஒருமுறை தேன்மெழுகு தொட்ட துணியால் துடைக்கிறேன், அவ்வளவுதான்.