சொந்த மையம் தொடங்கும் முன் ஒரு கணக்கு

எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். முடித்த மாணவர்களுக்கான கல்வி வழிகாட்டிக் கருத்தரங்குகளில் பேசப் போகும்போது ஒரு மாற்றத்தைக் கவனிக்கிறேன். முன்பெல்லாம் "உளவியல் படித்தால் வேலை கிடைக்குமா?" என்று கேட்டார்கள். இப்போது, "எப்போது சொந்தமாக மையம் வைக்கலாம், அக்கா?" என்கிறார்கள். ஒன்பது ஆண்டுகள் ஓர் அரசு மருத்துவமனையில் மருத்துவ உளவியலாளராக இருந்துவிட்டு, மூன்று ஆண்டுகளுக்கு முன் கிள்ளானில் ஒரு கடைவீட்டின் முதல் மாடியில் சொந்த மையம் திறந்தவள் நான். அதனால் இந்தக் கேள்வி என்னிடம் வருவது நியாயம்தான். "அவசரப்படாதே" என்பதுதான் என் பதில். அதைக் கேட்டுப் பலர் முகம் வாடிவிடுகிறார்கள்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இளங்கலை உளவியல் பட்டம் மட்டும் ஒருவரைச் சிகிச்சையாளர் ஆக்காது. மருத்துவ உளவியலாளராக முதுகலைப் படிப்பு வேண்டும். அதில் மேற்பார்வையின் கீழ் நோயாளிகளைப் பார்த்த பயிற்சியும் வேண்டும். அந்தத் தொழில் 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தில் வருகிறது. கவுன்சலர் என்று பெயர்ப்பலகை மாட்ட 1998ஆம் ஆண்டின் கவுன்சலர் சட்டப்படி பதிவு வேண்டும். மருந்து எழுதித் தருபவர் மனநல மருத்துவர். அவர் மருத்துவம் படித்தவர். என்னை 'டாக்டர்' என்று கூப்பிடும் அம்மாக்களுக்கு இதை வாரம் ஒருமுறையாவது விளக்குகிறேன். ஆகவே பல்கலைக்கழகத்தில் சேரும்போதே, "இதை முடித்தால் எந்தச் சட்டத்தின் கீழ் பதிவு செய்ய முடியும்?" என்று கேளுங்கள். இலவச மடிக்கணினி பற்றிப் பிறகு கேட்கலாம்.

அடுத்தது பணம். எஸ்.எஸ்.எம்.மில் வணிகத்தைப் பதிவது சுலபம். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயரில் என்றால் 60 வெள்ளி. அதற்குப் பிறகுதான் செலவு தொடங்குகிறது. தனியார் நிறுவனத்தில் 5,000 வெள்ளி சம்பளம் வாங்கும் ஒருவருக்கு முதலாளி 13 விழுக்காடு, அதாவது 650 வெள்ளி, ஊழியர் சேமநிதியில் போடுகிறார். சொக்சோவும் மருத்துவ விடுப்பும் வேறு. சொந்தத் தொழிலில் அந்த முதலாளி நீங்களேதான். நான் விட்டு வந்தது அரசாங்க ஓய்வூதியம். "பென்ஷனையா விட்டே?" என்று என் பெரியம்மா இன்றும் கேட்கிறார்.

ஒரு சந்திப்பு 50 நிமிடம். ஒரு நாளைக்கு ஐந்து பேருக்கு மேல் என்னால் கவனமாகக் கேட்க முடியாது. ஆறாவது ஆள் பேசும்போது என் காது திறந்திருக்கும், மனம் மூடியிருக்கும். தீபாவளி வாரத்தில் ஒருவரும் வரமாட்டார்கள். வாடகை மட்டும் வரும்.

இதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். என்னை உறுத்துவது வேறு கணக்கு. அரசு மருத்துவமனையின் நிபுணத்துவப் பிரிவில் மலேசியர் ஒருவர் கட்டுவது ஐந்து வெள்ளி. என் மையத்தில் கட்டணம் 180 வெள்ளி. அங்கே இருந்தவளும் நான்தான், இங்கே இருப்பவளும் நான்தான். அங்கே வரிசை நீளம். வாரம் ஒருமுறை பார்க்க வேண்டியவரை இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் பார்க்க முடிந்தது. போன முறை எங்கே நிறுத்தினோம் என்பதை நினைவுபடுத்திக்கொள்ளவே பாதி நேரம் போய்விடும். அதனால்தான் வெளியே வந்தேன். ஆனால் நான் வந்த பிறகு அந்த வரிசை குறையவில்லை. ஒரு நாற்காலி குறைந்தது. "துணிந்து வேலையை விடு, கனவைப் பின்தொடர்" என்று மேடையில் பேசுபவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

அந்த வரிசையில் தமிழில் மட்டுமே மனம் திறக்கக்கூடியவர்கள் இருந்தார்கள். தோட்டத்தில் பிறந்து இப்போது அடுக்குமாடியில் இருக்கும் ஒரு பாட்டி 'மனச்சோர்வு' என்று சொல்லமாட்டார். "நெஞ்சு படபடங்குது, சோறு இறங்கல" என்பார். அதை மலாயிலோ ஆங்கிலத்திலோ மொழிபெயர்க்கச் சொன்னால் நெஞ்சுவலி என்று இதயப் பிரிவுக்கு அனுப்பிவிடுவார்கள். தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு உளவியலுக்கு வரும் மாணவர் கையில் இருக்கும் முதல் கருவி அவருடைய தமிழ்தான். அதை மதிப்பெண் பட்டியலில் எவரும் எழுதித் தருவதில்லை.

தமிழில் பேசுவதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. நம் சமூகம் சிறியது. மையத்தில் பார்த்தவரையே மறுவாரம் ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் பார்ப்பேன். அவர் வணக்கம் சொன்னால் நானும் சொல்வேன். சொல்லாவிட்டால் நானும் தெரியாதவள்தான். இதை முதல் சந்திப்பிலேயே பேசி வைத்துக்கொள்கிறோம். படியேறும்போது தெரிந்தவர் பார்த்துவிடுவாரோ என்ற பயத்திலேயே திரும்பிப் போனவர்கள் உண்டு. கீழே டியூஷன் சென்டர் இருப்பது எனக்குப் பெரிய உதவி. யார் எங்கே போகிறார் என்று எவருக்கும் தெரியாது.

பட்டம் வாங்கிய சூட்டோடு தனியாக உட்காராதீர்கள் என்று நான் வற்புறுத்துவது பணத்துக்காக மட்டும் அல்ல. மாலை ஆறு மணிக்கு ஒரு படிவம் ஐந்து மாணவன், "எனக்கு உயிரோட இருக்கப் பிடிக்கல" என்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் என்றால் நான்கு அடி தள்ளி மனநல மருத்துவர் இருப்பார், மூத்த உளவியலாளர் இருப்பார். தனி அறையில் நீங்களும் அவனும்தான். பெற்றோரிடம் எதைச் சொல்வது, அவசரப் பிரிவுக்கு யார் கூடப் போவது என்பதெல்லாம் அந்த நிமிடத்தில் யோசிக்கும் விஷயங்கள் அல்ல. சம்பளம் வாங்கிய ஆண்டுகளில் பிறர் அருகிலிருந்து செய்ததைப் பார்த்துத்தான் நான் அதைக் கற்றேன். இன்றும் மாதம் இருமுறை மூத்தவர் ஒருவரிடம் கட்டணம் கட்டி என் வேலையைச் சரிபார்த்துக்கொள்கிறேன். ஐந்து ஆண்டாவது ஒரு நிறுவனத்தில் இருந்துவிட்டு வாருங்கள் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

புதன்கிழமைகளில் நான்கு இடங்களை 30 வெள்ளிக்கு ஒதுக்கியிருக்கிறேன். மற்ற நாட்களின் கட்டணம்தான் அதைத் தாங்குகிறது. இம்மாதம் நான்கும் நிரம்பிவிட்டன. பெயர் கொடுத்துவிட்டு மூவர் காத்திருக்கிறார்கள். சனிக்கிழமை காலையில் ஐந்தாவதாக ஓர் இடம் திறக்க முடியுமா என்று வாடகை ரசீதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்கிறேன்.